குடையில் விழுந்த சனி

மார்த்தாண்டத்தில் அன்றைக்குக் கொட்டுகிற மழை. ஆனாலும் கல்யாண மண்டபத்துக்குள் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது. தெரியாமல் இருக்குமா? கிரகஞானி சொர்ணமுத்து ஆகாயத்தையே இறக்கிக்கொண்டு வந்துவிட்டாராம்! செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, காற்றடைத்த கறுப்புக் கூடாரத்துக்குள் குனிந்து நுழைய ஜனம் முண்டியடித்தது.

நேசபாயும் மகளை இழுத்துக்கொண்டு முண்டினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பெஞ்சு, சனிக்கிழமையானால் சனிக்குப் பயம். இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் நல்லதுதானே! மகள் ஜெனிலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "பிள்ளைக்க நட்சத்திரத்தில சனி ஏறி இருக்கான். இறக்காம தாலி கட்டினா மாப்பிள்ளைக்கு ஆகாது" என்று ஞானி சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இறக்குக்கூலி, அவள் கழுத்து மாலை. மகளுக்குப் போட இருந்தது அது ஒன்றுதான். சனி இறங்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தாள்.

உள்ளே இருட்டு. நடுவில், அடியில் பட்டுத்துணி சுற்றிய ஒரு உருண்டை. ஞானி மணியடித்தார். கூரை முழுக்க நட்சத்திரம் பூத்தது.

"எனக்க ஆண்டவரே!" நேசபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது.

"அன்னா மஞ்சளா மினுங்குதானே, அவன்தான் சனி. மாலையை வையுங்க, நகருவான்" என்றார் ஞானி.

மாலை தட்டில் விழுந்தது.

"ஒரு நிமிசம்மா" என்று எழுந்த ஜெனிலா, நனைந்த வெள்ளைக் குடையை உருண்டைக்கு மேலே டப்பென்று விரித்தாள். கூரை இருண்டது. நட்சத்திரமெல்லாம் குடைக்குள் கிடந்தது. கம்பி ஓரமாகச் சனி பகவானும் இருந்தார்.

"ஏட்டி, சனியைத் தொடாதட்டி!"

"சனி இல்லம்மா, வெளிச்சம். ஸ்கூல்ல திருவனந்தபுரத்துக் கோளரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போனாவல்லா? அங்கயும் இப்பிடித்தான். மிஷினுக்குள்ள பல்பு. லென்ஸ் வழியா ஒவ்வொரு நட்சத்திரத்தையும் அதது இடத்தில வளைஞ்ச கூரையில காட்டும். எந்த ராத்திரி வேணுமோ அந்த ராத்திரி வானத்தை வரவழைக்கலாம். அங்க டிக்கெட் போதும், மாலை கேக்கமாட்டாவ."

"கிரக நிந்தனை!" என்று ஞானி கத்தினார். அவர் காவித்துணிக்குள்ளிருந்து ரிமோட் விழுந்தது. ஜெனிலா குடையை மடக்கிவிட்டு அதை எடுத்து அமுக்கினாள். சனி விடுவிடுவென்று நகர்ந்தது. மறுபடி அமுக்கினாள், திரும்பி வந்தது. இவ்வளவு சொன்னபடி கேட்கிற கிரகத்தை யார் பார்த்திருக்கிறார்கள்!

"இதுக்காம்மா எனக்க கல்யாணத்தை நிறுத்தப் பாத்த?"

நேசபாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மாலையை எடுத்து மகள் கழுத்தில் போட்டாள். பிறகு திரும்பினாள். "ஏலே கள்ளப்பயலே! பல்பைக் காட்டியா எனக்க பிள்ளைக்க வாழ்வைக் கெடுக்கப் பாத்த?"

ஞானி எடுத்தார் ஓட்டம். கூடாரத்துக்குக் காற்றடிக்கிற விசிறியின் வயரில் கால் தட்டி, வயர் பிடுங்கிக்கொண்டது. ஆகாயம் புஸ்ஸென்று அமுங்கி எல்லார் தலையிலும் படிந்தது.

ஜனம் தவழ்ந்து வெளியே வந்து செருப்பைத் தேடியது. செருப்பு எல்லாருக்கும் கிடைத்தது. அதோடு சேர்த்துக் கழற்றி வைத்த மூளையையும் மறக்காமல் எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், மக்கா!