கழுத்துக்கு ஆகாத வாசனை

இனித் துணி துவைப்பதில்லை என்று ராமசுப்பு முடிவெடுத்தது, கோவில்பட்டி தோல் டாக்டரின் வாசலில் செருப்பு மாட்டும்போதுதான். கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. எட்டு மாதத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அந்த அரிப்பு.

மில் மூடி எட்டு மாதம். மனைவி கல்யாணசுந்தரி தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். துவைக்கிற வேலை இவர் தலையில் விழுந்தது. கதவைச் சாத்திக்கொண்டு துவைப்பார். சாயங்காலம் அவள் வந்து கொடியில் போடுவாள். துவைத்ததும் அவள்தான் என்று தெரு நினைத்துக்கொள்ளும். மிச்சமிருந்த மானம் அவ்வளவுதான். காலையில் மட்டும், ஷிப்டுக்குப் போகிறவர் மாதிரி தேய்த்த சட்டை போட்டு, கழுத்தில் செண்டு தடவி, பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்புவார். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை.

"வாசனைக்குச் சேர்க்கிற சரக்கு உங்களுக்கு ஒத்துக்கல. சோப்பு, பவுடர், செண்டு எதையும் தொடாதீங்க" என்றார் டாக்டர். அதில் ராமசுப்பு வீட்டுக்குக் கொண்டுவந்த சேதி சோப்பு மட்டும்.

"சோப்பே ஆகாதாம். டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு."

"அப்பத் தொடாதீங்க."

"துணி?"

"துணியத் தொடக் கூடாதுன்னா சொன்னாவ?"

மறுநாள் ஒரு பை நிறையப் பூவந்திக்கொட்டை வந்தது. "ஊறவச்சுக் கசக்குனா நுரை வரும். வாசனையே கிடையாது. தண்ணியும் கம்மியா இழுக்கும்."

எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் இதற்குமேல் பேச முடியாது.

ராமசுப்பு யோசித்தார். கழுத்து ஆறிவிட்டால் ஆயுசுக்கும் துவைக்க வேண்டியதுதான். ஆறவிடக் கூடாது. ஒரு சொட்டாக இருந்த செண்டு நாலு சொட்டானது. கழுத்து ஏமாற்றவில்லை. நாலாம் நாள் மிளகாய் அரைத்து அப்பியது மாதிரி காந்தியது.

"பாரு, பூவந்திக்கொட்டையும் சேரல."

கல்யாணசுந்தரி ஈரச்சட்டையை உதறப் போனவள் நின்றாள். காலரை மூக்கருகே கொண்டுபோனாள்.

"துவைக்கது கை. கையில ஒரு புள்ளி இல்ல. கழுத்து என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது ரத்தத்துல ஏறி..."

"ரத்தம் செண்டு போட்டுக்கிட்டா ஓடுது? துவைச்ச பெறகும் காலரு மணக்கே."

அவள் செண்டுப் பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டுப் பொன்மணி இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நின்றாள். பிள்ளை உடம்பெல்லாம் தடிப்பு.

"அண்ணாச்சி, இவனுக்கும் சோப்பு ஆகல. ஒரு வாளித் துணிக்குப் பூவந்திக்கொட்டை எத்தனை போடணும்?"

"மதினியக் கேளும்மா."

"கேட்டேன். அவியளுக்குத் தெரியாதாம். எட்டு மாசமா நீங்கதான துவைக்கீக, உங்களக் கேக்கச் சொன்னாவ."

குழாயடியில் குடங்களோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே கல்யாணசுந்தரி நிதானமாகக் காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது.

"பத்து போதும்மா" என்றார் ராமசுப்பு. "விதைய எடுத்துரணும்."