நான் எழுதிய டீவி நாடகமும் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும்

என் வாழ்நாளில் ஒரே ஒரு டீவி தொடர் எழுதியிருக்கிறேன். நான்கு வாரம் வந்தது. இன்னொன்று எழுதிக் கொடுங்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. தயவுசெய்து எழுதிவிடாதே என்று கேட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் முக்கால்வாசி என் சொந்தக்காரர்கள்.

எண்பதுகளின் கடைசி அது. கொடைக்கானல் மலையில் டவர் போட்டு, மதுரையிலும் தமிழ் நிகழ்ச்சிகள் தெரிய ஆரம்பித்திருந்தன. திருநகரில் இருந்த ஆன்டெனாக்கள் எல்லாம் கொடைக்கானலைப் பார்த்து நிற்க, எங்கள் வீட்டு ஆன்டெனா மட்டும் அழகர்கோவில் பக்கம் திரும்பி நிற்கும். என் பெரிய அண்ணன் சேகர் ஏதோ ஆராய்ச்சி செய்திருந்தான்.

எனக்கு மூன்று அண்ணன்கள். சேகர் எதைக் கண்டாலும் கழற்றிவிடுவான். திரும்ப மாட்டுவது வேறு யாருடைய இலாகாவோ என்று அவனுக்கு எண்ணம். எங்கள் வீட்டு டேபிள் ஃபேனை முழு உருவத்தில் பார்த்தவர்கள் குறைவு. இரண்டாமவன் மோகன் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். ரசத்தில் புளி கூடிவிட்டது என்று அம்மாவை எதிர்த்துக் கூடத்தில் உண்ணாவிரதம் உட்காருவான். (நடுநடுவே கொல்லைப்பக்கம் போய் வாழைப்பழம் தின்றுவிட்டு வந்து தொடர்வான்.) மூன்றாமவன் பாலு உடம்பை வளர்த்துக்கொண்டிருந்தான். பால்பவுடர் டின்களில் சிமெண்டை ஊற்றி, நடுவில் கம்பியைச் செருகி அவனே செய்த எடையைத் தூக்கியபடி, காலையில் ஒரு மணி நேரம் பீரோ கண்ணாடி முன்னால் நிற்பான். அந்த ஒரு மணி நேரமும் பீரோவைத் திறக்க முடியாது. அதனால் அப்பா முந்தின நாள் சட்டையைப் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போன நாட்கள் உண்டு.

அப்பா கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வராந்தா அடங்கிவிடும். வீட்டில் அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே கெட்ட வார்த்தை, "அட வர்க்கமூலமே!"

நான் கடைக்குட்டி. பி.ஏ. முடித்துவிட்டு, கூடிய சீக்கிரம் எழுத்தாளர் ஆகிவிடுவேன் என்ற நம்பிக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போது டீவியில் வந்த குடும்ப நாடகங்கள் எனக்கு எரிச்சலூட்டின. ஒரு நாடகத்தில் அண்ணன்காரன், "தம்பி, உணவு உண்டாயா?" என்று கேட்டான். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்க வேண்டிய அவசியமே வராது. அண்ணன் தட்டிலிருந்த வடையைக் காணோம் என்றால் தம்பி உண்டுவிட்டான் என்று பொருள். 'நிஜமான குடும்பம் எப்படி இருக்கும் என்று இவர்களுக்குக் காட்டுகிறேன்' என்று சபதம் எடுத்து, மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதினேன். நான்கு பாகம். ரகளையான மூன்று அண்ணன்கள், தலையில் அடித்துக்கொள்ளும் அப்பா, அம்மா, ஒரு தங்கை. யாருக்கும் தெரியக்கூடாது என்று எல்லார் பெயரையும் மாற்றினேன். எங்கள் வீடு எட்டாம் நம்பர். அதையும் மாற்றி, 'ஏழாம் நம்பர் வீடு' என்று தலைப்பு வைத்தேன். ஏழாம் நம்பரிலும் ஆள் குடியிருக்கிறார்களே என்பது என் இலக்கிய மூளைக்குத் தோன்றவில்லை. 'மதுரைத் தென்றல்' என்று புனைபெயர் போட்டுச் சென்னைக்கு அனுப்பினேன்.

மூன்று மாதம் சத்தமில்லை. பிறகு ஒருநாள், தொடர் தேர்வாகிவிட்டது, முதல் பாகம் இன்ன வியாழக்கிழமை மாலை ஏழரைக்கு ஒளிபரப்பாகும் என்று கடிதம் வந்தது. கடிதத்தை அரிசி டின்னுக்குள் ஒளித்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தனியாகக் குதித்தேன்.

அதே வியாழக்கிழமை என்னைப் பெண் பார்க்க ஆள் வரப்போவதாக அன்று சாயங்காலம் செல்லூர் அத்தை வந்து சொன்னாள். உசிலம்பட்டிப் பக்கம் நல்ல விவசாயக் குடும்பம், பையனுக்கு பாங்க் வேலை. நான்கு மணிக்கு வருவார்கள். எனக்குப் பதற்றமே இல்லை. நாலுக்கு வந்து ஐந்தரைக்குப் போய்விடுவார்கள், ஏழரைக்கு என் இலக்கியப் பிரவேசம், ஒரே நாளில் இரண்டு சுபகாரியம் என்று கணக்குப் போட்டேன். (கணக்கு வாத்தியார் மகள்.)

அத்தைக்கு என் அண்ணன்கள் மேல்தான் சந்தேகம். மூவரையும் வரிசையாக நிறுத்திவைத்து, "நீங்க மூணு பேரும் ஒரு பொழுது மட்டும் மனுசங்களா இருங்கடா. தங்கச்சி வாழ்க்கைடா" என்றாள். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவுதான், மூன்று பேரும் அப்படியே உருகிப்போனார்கள்.

வியாழக்கிழமை எங்கள் வீட்டை எனக்கே அடையாளம் தெரியவில்லை. டேபிள் ஃபேன் பிறந்த நாள் முதல் காணாத முழுமையோடு சுற்றிக்கொண்டிருந்தது. ஆன்டெனா கொடைக்கானலைப் பார்த்திருந்தது. சிமெண்டு டின்களைக் காணவில்லை. மோகன், "அம்மா, கேசரி நல்லாருக்கு" என்றான். அம்மா பயந்துபோய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாலு ஆயிற்று, ஐந்து ஆயிற்று, ஆறும் ஆயிற்று. அவர்கள் வரவில்லை. செக்கானூரணியில் வேன் டயர் பஞ்சர். அவர்கள் வாசலில் வந்து இறங்கியபோது மணி ஏழு. என் நாடகத்துக்கு இன்னும் அரை மணி நேரம்தான்.

சேகரை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "அண்ணே, டீவிய உடனே கழட்டிப் போட்டுரு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "என்னடி சொல்ற?"

"ஏதாவது ஒரு வயர உருவிவிடுண்ணே. எப்பவும் செய்யறதுதான!"

"இன்னைக்கு எதையும் தொடமாட்டேன்னு அம்மா தலையிலடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன். உன் கல்யாணம்டி இது" என்றான், கண் கலங்க. பிறந்ததிலிருந்து ஒரு பொருளையும் முழுசாக விட்டுவைக்காதவன், நான் கெஞ்சிய அந்த ஒரு நாள் மட்டும் திருந்தித் தொலைத்திருந்தான்.

காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். கும்பிட்டேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்னைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். மோகன் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு விசிறினான். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தும் விசிறினான். "எம்புட்டு பதவிசா வளத்துருக்கீக பயலுகள!" என்று அவர் வியந்தபோது அப்பா தரையைப் பார்த்தார்.

அவர்கள் அதோடு எழுந்து போயிருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா மூலையில் இருந்த டீவியைப் பார்த்து, "எங்க ஊருல இன்னும் சரியாத் தெரியல. செத்த போடுங்களேன், பாப்போம்" என்றாள். நான் எழுவதற்குள் பாலு பாய்ந்து போய்ப் போட்டுவிட்டான். எப்போதும் பனிமழை பொழியும் எங்கள் டீவியில் அன்றைக்குப் படம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. 'ஏழாம் நம்பர் வீடு' என்று எழுத்து வந்தது.

முதல் காட்சியிலேயே ஒருத்தன் டேபிள் ஃபேனைக் கழற்றிக் கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தான். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். இரண்டாமவன் ரசத்துக்காக உண்ணாவிரதம் உட்கார்ந்தான். விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் அண்ணன்கள் மூவரும் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள்! "இப்படியும் ஒரு தறுதலை இருப்பானா?" என்று சேகர் கேட்டான். "பெத்தவங்களச் சொல்லணும்" என்றான் மோகன். பாலு சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினான். மனிதனுக்குத் தன் முகத்தைத் தவிர எல்லார் முகமும் அடையாளம் தெரியும் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

நாடகத்தில் ஒரு தங்கையும் வந்தாள். விளக்கேற்றினாள். அண்ணன்கள் சட்டையைத் தேய்த்து வைத்தாள். சண்டையை ஒரே ஒரு புன்னகையால் நிறுத்தினாள். "குணமான புள்ள" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. அது நான்தான் என்று கத்த வேண்டும்போல் ஒரு ஆசை எனக்கு அந்த நிலைமையிலும் வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் புரிந்துகொண்டது அம்மா. அவள் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. டீவியில் மூன்றாமவன் பீரோ கண்ணாடி முன்னால் எடை தூக்கிக்கொண்டிருக்க, அப்பாவாக நடித்தவர் சட்டையில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். எங்கள் அப்பாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, டீவியைப் பார்த்துக் கத்தினார்: "அட வர்க்கமூலமே!"

மறு விநாடி டீவிக்குள் இருந்த அப்பாவும் கத்தினார்: "அட வர்க்கமூலமே!"

மாப்பிள்ளையின் அம்மா டீவியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மூன்று அண்ணன்களையும் ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். கடைசியாகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தாள். அதற்குள் நாடகம் முடிந்து எழுத்து ஓடியது. கதை வசனம்: மதுரைத் தென்றல். அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அடுத்த வரியில், யாரோ ஒரு நல்ல மனிதர் அடைப்புக்குறி போட்டுச் சேர்த்திருந்தார்: (ர. கோமதி, திருநகர்).

"கோமதி யாரு?" என்றான் பாலு. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் எப்ப ஃபேனக் கழட்டுனேன்?" என்று எழுந்தான் சேகர்.

"போன மாசம்கூடக் கழட்டுனயே! அதச் சரியாத்தான் எழுதிருக்கா. என்னையப் பத்தித்தான் பொய். நான் எப்ப ஒளிஞ்சு நின்னு பழம் தின்னேன்?" என்றான் மோகன்.

"உனக்காவது பழம் குடுத்தா. எனக்கு மொத்தமே ரெண்டு வசனம்டா!" என்று பாலு கதறினான். "ஏண்டி, நான் என்னடி உனக்குக் கெடுதல் பண்ணேன்?"

பதவிசு ஒரு மணி நேரம்தான் தாங்கியது. யாருக்கு அவமானம் அதிகம், யாருக்கு வசனம் குறைவு என்று தொடங்கிய வழக்கு கைகலப்பில் போய் நின்றது. சேகர் தள்ளியதில் மோகன் பாலுவின் மேல் சாய, பாலுவின் கையிலிருந்த கேசரித் தட்டு பறந்துபோய் மாப்பிள்ளை அப்பாவின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. மாப்பிள்ளை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஏழாம் நம்பர் வீட்டு ஞானமுத்து சார் வந்து நின்றார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வாத்தியாரய்யா, உங்க மகளக் கூப்பிடுங்க" என்றார் நடுங்கும் குரலில். "எங்களுக்குக் கர்த்தர் பிள்ளையே குடுக்கல. எங்க வீட்டு நம்பரப் போட்டு மூணு தறுதலைகளக் குடுத்துருக்காளே, தெருவுல நான் என்ன பதில் சொல்லுவேன்?"

மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். அத்தை வாசல்வரை பின்னாலேயே ஓடினாள். "பயலுக கொஞ்சம் விளையாட்டுப் பிள்ளைக, மனசுல வச்சுக்காதீக."

"பயலுகளப் பத்தி என்னத்தா இருக்கு? எங்க வீட்டுலயும் நாலு இருக்கு, இதவிட மோசம்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "புள்ளையும் லெச்சணமாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு எங்களையும் எழுதிப்புடுமே! எங்க வீட்டுல நடக்குறதெல்லாம் டீவியில வந்தா நாங்க ஊருல குடியிருக்க முடியுமா?"

வேன் கிளம்பிப் போயிற்று. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கல்யாணம் நின்றதற்காக அல்ல. எனக்காக அண்ணன்கள் மூவரும் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த வேலைக்காரர்கள் போலக் கைகட்டி நின்ற காட்சி திரும்பத் திரும்ப வந்தது. அவர்களை ஊர் சிரிக்க வைத்துவிட்டேனே!

கொஞ்ச நேரம் கழித்துச் சேகர் கதவைத் தட்டினான். அவனுக்குப் பின்னால் மற்ற இருவரும் நின்றார்கள்.

"எங்கள எழுதுனதுக்குக் கோவமில்ல. அம்புட்டும் நடந்ததுதான்" என்றான். "ஒரே ஒரு சந்தேகம். அந்த வீட்டுல ஒரு தங்கச்சி வந்தாளே, விளக்கேத்துனா, சட்ட தேச்சா, சிரிச்சே சண்டைய நிப்பாட்டுனா. அவ யாருடி? அப்படி ஒருத்திய நம்ம வீட்டுல நாங்க பாத்ததே இல்லையே?"

அம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அப்பா. நான் தலையணையைத் தூக்கி அவன் மேல் எறிந்தேன். "பாத்தியா, அவளா இருந்தா இப்படி எறிவாளா?" என்றான் மோகன்.

அடுத்த மூன்று வாரமும் தெருவே எங்கள் வீட்டில் கூடி நாடகம் பார்த்தது. பாலுவுக்கு மூன்றாம் பாகத்தில் ஏழு வசனம் இருந்ததால் சமாதானமானான். ஞானமுத்து சார் வீட்டுக்குக் கேசரியோடு போய் மன்னிப்புக் கேட்டேன். செல்லூர் அத்தை கொண்டுவந்த அடுத்த இரண்டு வரன்களும், பெண் எழுதுமாமே என்று விசாரித்துவிட்டு நின்றுபோயின. ஒரு வருஷம் கழித்து, கோரிப்பாளையத்தில் ஒரு அச்சகத்தில் மேனேஜராக இருந்தவர் தானாகவே பெண் கேட்டு வந்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

போன மாதம் மோகன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க மூன்று அண்ணன்களும் வந்திருந்தார்கள். மூவருக்கும் தலை நரைத்துவிட்டது. சேகர் தாம்பாளத்தில் இரண்டு பத்திரிகைகளை வைத்து நீட்டினான்.

"எதுக்குண்ணே ரெண்டு?"

"ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு டீவித் தங்கச்சிக்கு. நீ மெதுவா வா. அவள ரெண்டு நாளைக்கு முன்னாலயே அனுப்பு, வேலை நெறையக் கெடக்கு."

பின்னால் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், பேப்பரை இறக்காமலே சொன்னார்: "அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க மச்சான். நாலு வாரமும் டீவியப் பாத்துட்டு நான் பொண்ணு கேட்டு வந்ததே அவளத்தான்."