வெள்ளிக்கிழமை ஒற்றை மணி

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் தொலைபேசி அடிக்கவில்லை. ஜும்மா தொழுது வந்த வஹீப், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று மணி வரை அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டு மூன்று வாரம் ஆகிறது. போட வைத்தது மனைவி இன்ஸாஃப். பழைய இணைப்பில் குவைத்திலிருக்கும் பேத்தியின் முகம் சதுரம் சதுரமாக உறைந்து நிற்கும். இப்போது மூக்கு ஒழுகுவதுகூடத் தெளிவாகத் தெரிகிறது. தொலைபேசியும் ஃபைபரோடு வந்த புதுப் பெட்டிக்கு மாறிவிட்டது, எண் பழைய எண்தான். எல்லாம் சரி, வெள்ளிக்கிழமை மணி மட்டும் நின்றுபோனது.

அது தம்பி ஸப்ரியின் மணி. எட்டு வருஷத்துக்கு முன் பெருநாள் விருந்தில், இருபது பேர் நடுவில், ஸப்ரி ஆசையாக வாங்கி வந்த மீனை முகர்ந்து பார்த்து, "இது நேத்தைய மீன்" என்றார் வஹீப். அலெக்ஸாந்திரியாவில் ஒருவனை அவன் தொழிலைச் சொல்லித் திட்டலாம், வழுக்கையைச் சொல்லித் திட்டலாம். அவன் பொறுக்கி எடுத்த மீனை மட்டும் குறை சொல்லக்கூடாது. ஸப்ரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன்தான். டிராமில் ஏறினால் அரைமணி நேரத்தில் பக்கூஸ், அங்கேதான் அவன் வீடு. இவரும் ஏறவில்லை, அவனும் ஏறவில்லை.

அதற்குப் பிறகுதான் வஹீப் கவனித்தார். வெள்ளிக்கிழமை பகலில் தொலைபேசி ஒரே ஒரு முறை அடித்து நின்றுவிடும். ஒரு மணி அடித்து வைத்துவிடுவது ஊர்ப் பழக்கம். உன்னை நினைத்தேன், பேசத்தான் வாய் வரவில்லை என்று அதற்குப் பொருள். வஹீப் அதைப் பாதி மன்னிப்பாக எடுத்துக்கொண்டார். இரண்டாவது மணி அடித்தால் உடனே எடுத்து "டேய்" என்று கூப்பிடுவதாக இருந்தார். எட்டு வருஷமாகக் கை தயாராகவே இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை மணி வராதபோது, பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்துக் கம்பியை ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு மாற்றினார். பேத்தி தன் முதல் பல்லைக் காட்ட வாயைத் திறந்த நேரம் அது. படம் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியின் முதுகிலிருந்த ஊசித் துளையில் பல்குச்சியை விட்டு அழுத்தினார். பெட்டி தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்து மறந்தது. நாலு நாள் வீட்டில் இணையமே இல்லை.

புகார் சொல்லத் தொலைபேசி அலுவலகத்தைக் கூப்பிட்டார். எடுத்த பெண், அங்கிருந்தே அவர் எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். கணீரென்று அடித்தது.

"அடிக்குதே ஸார்?"

"அது நீங்க அடிச்சதும்மா. அடிக்க வேண்டியவங்க அடிச்சாத்தான் அடிக்கல."

அடுப்படியில் நின்ற இன்ஸாஃப் காதில் இது விழுந்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு மணி அடித்து நிற்பது அவளுக்கும் தெரியும். அதற்காகக் கணவர் தவிப்பது இப்போதுதான் தெரிந்தது. கரண்டியோடு வந்து எதிரில் நின்றாள்.

"யாரு அவ?"

அறுபத்தாறு வயதில் தனக்கு ஒரு சிநேகிதி இருப்பதாக மனைவி நினைப்பதை வஹீபால் தாங்கிக்கொள்ள முடிந்தது. தம்பிக்காக ஏங்குகிறேன் என்று சொல்லத்தான் முடியவில்லை. இன்ஸாஃப் மகள் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். வேளாவேளைக்கு ஃபூல் பயறு மட்டும் வந்தது, எண்ணெயும் எலுமிச்சையும் இல்லாமல்.

ஆக, இந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை. ஸப்ரிக்கு முன்பே ஒரு முறை நெஞ்சுவலி வந்திருக்கிறது. வஹீப் அவன் எண்ணைக் கடைசிக்கு முந்தின இலக்கம் வரை அழுத்தினார். கடைசி இலக்கத்தில் மீன் ஞாபகம் வந்தது. வைத்துவிட்டார். வைத்த பிறகு, அவன் இல்லாத ஊரில் தனக்கு என்ன வேலை என்று தோன்றியது.

மறுநாள் காலை புகாரைப் பார்க்க அலுவலகத்திலிருந்து கிர்கிஸ் வந்தார். ஐம்பது வயது மனிதர், நிதானமானவர். பெட்டியைச் சோதித்து, ஒரு கோளாறும் இல்லை என்றார். பழைய செம்புக் கம்பியையே திரும்பப் போடச் சொன்னார் வஹீப். அது தெரு முழுக்கப் பிடுங்கியாகிவிட்டது என்றார் கிர்கிஸ். வேறு வழியில்லாமல், வாசல்படியில் மனைவி நின்றிருக்க, மீனில் தொடங்கி மணி வரை எல்லாவற்றையும் வஹீப் சொன்னார்.

"தம்பியா?" என்றாள் இன்ஸாஃப். அவளுக்கு அழுகையும் வந்தது, வெறும் ஃபூல் போட்ட வெட்கமும் வந்தது.

கிர்கிஸ் சிரிக்கவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தார்.

"ஹாஜி, அது யாரும் அடிச்சதில்ல. வெள்ளிக்கிழமை ஆபீஸ் லீவு. அன்னிக்கு எங்க மெஷின் செம்புக் கம்பி ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாக்கும், எங்கயாவது அறுந்திருக்கான்னு. தொட்டா ஒரு மணி அடிக்கும். ஃபைபர்ல அந்த வேலையே கிடையாது."

வஹீப் உட்கார்ந்துவிட்டார். எட்டு வருஷமாக ஒரு இயந்திரத்தைப் பாதி மன்னித்து வைத்திருந்திருக்கிறார். தம்பி ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தன்னை நினைக்கவில்லை. அவர் மறைக்காமல் அழுதார். இன்ஸாஃப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிர்கிஸ் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்து எந்த வீடு என்று புகார்த் தாளைப் பார்த்தவர், எழுந்திருக்காமல் அதை இன்னொரு முறை படித்தார்.

"ஹாஜி, அடுத்த புகார் பக்கூஸ்லேருந்து, அங்கயும் அதே வாரம்தான் ஃபைபர் போட்டோம், ஸப்ரின்னு ஒருத்தர்: மூணு வாரமா அண்ணன்கிட்டேருந்து வெள்ளிக்கிழமை மணி வரலையாம், அவர் உயிரோட இருக்காரான்னு மட்டும் பாத்துச் சொன்னாப் போதுமாம்."