ஆள் இல்லாத குறை

வாத்துகள் குளத்தில் இறங்க மாட்டோம் என்று ஒற்றைக் காலில் நின்றன.

செல்லையா கரையில் குந்தி "பா... பா..." என்று கெஞ்சிப் பார்த்தார். ஒன்றைத் தூக்கித் தண்ணீரிலேயே விட்டார். அது கொதிநீரில் விழுந்ததுபோல் பதறி ஏறி, அவர் கால்சட்டையில் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிட்டு, கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

"அதுக்குக்கூடத் தெரியுது, இது குளமில்ல, சிமெண்டுத் தொட்டின்னு," என்றாள் அவர் மனைவி அம்சவேணி.

"நீ சும்மா இரு. நாளைக்கு அந்த வெள்ளைக்கார அம்மா வருது. குளம்னு இருந்தா வாத்து மிதக்கணும்."

"தவிட்டைத் தூவுங்க. தானா இறங்கும்."

தூவினார். வாத்துகள் கரையில் நின்றபடியே கழுத்தை நீட்டித் தின்றன. மிச்சத் தவிடு ஊறி, சாயங்காலத்துக்குள் குளம் கூழாகிவிட்டது.

இன்சீனைத் தாண்டி வடக்கே போனால் இந்தக் குடியிருப்பு. தேக்கு வியாபாரத்தில் சம்பாதித்த காசிவிசுவநாதன், பர்மியக் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து இருபது வீடு கட்டி, 'இங்கிலீஷ் வில்லேஜ்' என்று பலகை மாட்டியிருந்தார். ரங்கூனில் கையில் காசு உள்ளவர்கள் எதை வாங்கிப் போடுவது என்று தெரியாமல் அலைந்த இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் அது. பனி விழுந்தால் சறுக்கட்டும் என்று செங்குத்தாகச் சரிந்த கூரை, குளிர்காய அடுப்பு, அடுப்புக்குப் புகைக்கூண்டு. சித்திரை வெயிலில் அந்தப் புகைக்கூண்டுகளில் புறாக்கள் குடித்தனம் நடத்தின. வேறு குடித்தனம் அங்கே கிடையாது. இருபது வீட்டையும் வாங்கியவர்கள், தங்கம் வாங்கிப் பெட்டியில் வைப்பதுபோல் வாங்கிப் பூட்டிவிட்டு, தங்கள் தங்கள் பழைய வீட்டிலேயே சௌகரியமாக இருந்தார்கள்.

செல்லையாவுக்கு உத்தியோகப் பெயர் எஸ்டேட் மேனேஜர். கேட்டைத் திறப்பதும் அவர்தான், புல் வெட்டுவதும் அவர்தான். தட்டோனில் அவர் படித்த பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் பாடத்தில் ஒரு கிராமத்துப் படம் இருந்தது. குளம், வாத்து, பெஞ்சில் ஒரு கிழவர், சைக்கிளில் ஒரு பெண், குடையோடு ஒரு பாதிரியார். அந்தப் பாடத்தை அவர் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். ஒப்பித்துத்தான் வேலை வாங்கினார். வேலையோடு கேட்டருகே ஒரு சின்ன வீடும் கிடைத்தது. அதற்கு முன் ரங்கூன் நடுவே பபேடானில் ஆறாம் மாடி. ஒரே அறை, மூன்று குடும்பம், நடுவில் திரைச்சீலை. இங்கே வந்த அன்று அம்சவேணி சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

பொழுது சாயும் நேரத்துக்கு முதலாளி காசிவிசுவநாதன் காரில் வந்து இறங்கினார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"என்னய்யா இது, மயானம் மாதிரி இருக்கு?"

"சுத்தமா வெச்சிருக்கேன் முதலாளி."

"மயானமும் சுத்தமாத்தான் இருக்கும். அந்த அம்மா இங்கிலாந்துல நெசமான கிராமத்துல பொறந்து வளர்ந்தது. ரெண்டாவது வரிசை வீட்டுக்குப் பணம் கட்ட வர்றவங்க எல்லாரும் கூடவே வராங்க. அவங்க முன்னாடி அந்த அம்மா வாயால 'எங்க ஊர் மாதிரியே இருக்கு'ன்னு சொல்லணும். சொன்னா அந்தக் கேட்டு வீட்டை உன் பேருக்கே எழுதித் தரேன்."

"சொல்லலைன்னா முதலாளி?"

"பபேடான்ல உன் பழைய ரூம் காலியாத்தான் இருக்காம். விசாரிச்சுட்டேன்." காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கினார். "ஊர்னா ஆள் வேணும்யா. ஆளைப் பிடி."

அம்சவேணி சன்னல் வழியாக எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆளைப் பிடிப்பீங்களோ பேயைப் பிடிப்பீங்களோ, நான் திரும்ப அந்த ஆறாம் மாடி ஏறமாட்டேன்," என்றாள்.

செல்லையா ரங்கூனைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலைப் பிடித்து இன்சீனுக்குப் போனார். அங்கே அழகு இருந்தான். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன். இப்போது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கூட்டம் சேர்த்துக் கொடுக்கிறான்.

"எத்தினி உருப்படி வேணும் கோ செல்லையா? அழணுமா, சிரிக்கணுமா?" என்றான், 'அண்ணே' என்பதற்குப் பர்மிய 'கோ' போட்டு.

"ரெண்டும் வேணாம். ஒரு பத்துப் பேர். இங்கிலீஷ்காரங்க மாதிரி சும்மா இருக்கணும்."

அழகு யோசித்தான். "சும்மா இருக்கறதுக்குக் கூலி ஜாஸ்தியாகும். நம்ம ஆளுங்களுக்குப் பழக்கம் கிடையாது."

மறுநாள் காலையில் பத்துப் பேருக்குப் பதிலாக நாற்பது பேர் வந்து இறங்கினார்கள்.

"என்ன அழகு இது?"

"பத்துப் பேர்தான். மத்ததெல்லாம் அவங்க குடும்பம். இங்கிலீஷ்காரனுக்குக் குடும்பம் இருக்காதா?"

பழைய துணி மூட்டையிலிருந்து கோட்டும் கவுனும் எடுத்துக் கொடுத்தார் செல்லையா. பெண்கள் லோஞ்சிக் கைலிக்கு மேலேயே கவுனை மாட்டிக்கொண்டு, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைக் குழம்பைப் புதிதாக ஒரு பூச்சுப் பூசிக்கொண்டார்கள். பெஞ்சில் உட்காரவைத்த கிழவர் கம்பளிக் கோட்டின் புழுக்கத்தில் மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியபோது, "பசி" என்றார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும்தான் மற்றவர்களுக்கும் தங்கள் வயிறு ஞாபகம் வந்தது.

படத்தில் இல்லாவிட்டாலும் கிராமத்துக்குப் பீர் விற்கும் பப்பு ஒன்று அவசியம் என்று முதலாளி எங்கோ கேள்விப்பட்டு, மூலை வீட்டுக்கு அப்படிப் பெயர் எழுதி வைத்திருந்தார். அதில் நிற்க வந்தவர் ஷம்சுதீன் பாய்.

"பீர் போத்தலைத் தொட மாட்டேன் தம்பி. டீ போடச் சொல்லு, ஊருக்கே போடறேன்."

"சரி, டீயாவது போடுங்க பாய். பசிக்குதுங்கறாங்க."

இதுதான் செல்லையா செய்த பெரிய பிசகு. டீ வாசனை காற்றில் போன திக்கிலெல்லாம் ஆள் கிளம்பி வந்தது. இரண்டாம் வரிசையில் செங்கல் சுமந்த கொத்தனார்கள் வந்தார்கள். அவர்களைத் தேடி சைக்கா ரிக்ஷா ஓட்டிகள் வந்தார்கள். குட்டை முக்காலிகள் எங்கிருந்து முளைத்தன என்று தெரியவில்லை. புல்வெளியில் கிரிக்கெட் ஆடச் சொன்ன பையன்கள் மட்டையை ஸ்டம்போடு சேர்த்துக் கட்டி, வலை போல் நட்டு, பிரம்புப் பந்தைக் காலால் உதைத்தார்கள். ரோஜா வேலியில் ஒருத்தி குழந்தைத் துணியைக் காயப்போட்டாள். ஊர் என்ற பெயரைக் காப்பாற்றும் விதமாக இரண்டு பெண்கள் குழாயடியில் சண்டையும் பிடித்தார்கள்.

"பாதிரியார் எங்க?" என்று அலறினார் செல்லையா.

"குடையைப் பிடிச்சு வெத்தலைக் கடை போட்டிருக்கார்," என்றான் அழகு. "நல்ல வியாபாரம்."

வெள்ளையடித்த கேட்டுத் தூணில் அதற்குள் இரண்டு இடத்தில் சிவப்பாகத் துப்பியிருந்தது. செல்லையா அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது டெலிபோன் மணி அடித்தது. கார்கள் இன்சீன் முனை திரும்பிவிட்டனவாம்.

அவருக்குத் திரைச்சீலையும் ஆறாம் மாடிப் படிகளும் கண்முன் வந்தன. வீட்டுச் சாவிகள் எல்லாம் அவர் இடுப்பில்தான் இருந்தன. இருபது கதவையும் திறந்தார்.

"உள்ளே போங்க. எல்லாரும் உள்ளே. முக்காலி, டீ அடுப்பு, வாத்து, எல்லாம் உள்ளே."

"எவ்வளவு நேரம்?" என்றான் அழகு.

"நான் திறக்கற வரைக்கும். மூச்சு விடக்கூடாது."

"மூச்சு விடாம இருக்கக் கூலி..."

செல்லையா அவனையும் உள்ளே தள்ளிப் பூட்டினார். வேலித் துணியைச் சுருட்டி எறிந்தார். கடைசிப் பூட்டைப் பூட்டி நிமிரவும் கார்கள் நுழையவும் சரியாக இருந்தது.

முதலாளி இறங்கினார். பின்னால், தங்க மோதிரம் போட்ட பெரிய மனிதர்கள் எட்டுப் பேர். நடுவில் வெயில் தொப்பியோடு வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் வழிகாட்டியாக வந்த இந்திரா. நம் பபேடான் பெண்தான், கேட்டதைக் கேட்டபடி தமிழில் சொல்லுவதற்குப் பேர்போனவள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

"ஆள் எங்கய்யா?" என்று பல்லைக் கடித்தார் முதலாளி.

"உள்ளே இருக்காங்க முதலாளி."

"உள்ளே என்ன பண்றாங்க?"

"சும்மா இருக்காங்க."

அந்த அம்மா தெருவில் நடந்தது. பூட்டிய கதவுகளைப் பார்த்தது. மூலை வீட்டுச் சன்னலில் கையை வைத்து மறைத்து எட்டிப் பார்க்கப் போய், என்ன நினைத்ததோ, திரும்பிவிட்டது. ஆளில்லாத பெஞ்சில் போய் உட்கார்ந்தது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தது. செல்லையா மனசுக்குள் மூட்டை கட்டத் தொடங்கினார்.

அம்மா மெதுவாகப் பேசியது. இந்திரா முதலாளியிடம் திரும்பினாள்.

"அச்சு அசல் எங்க ஊருங்கறாங்க ஐயா."

முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. "எதை வெச்சுச் சொல்றாங்க? கூரையா, குளமா?"

"கூரையும் இப்படி இல்லையாம், குளமும் இப்படி இல்லையாம். ஆனா ஊர் இதேதானாம். வீட்டையெல்லாம் லண்டன்காரங்க வாங்கிப் பூட்டிப் போட்டுட்டாங்களாம். போஸ்ட் ஆபீஸை மூடியாச்சாம். பப்பை மூடியாச்சாம். பஸ்ஸும் நின்னுபோச்சாம். தெருவுல நடந்தா நம்ம காலடிச் சத்தம்தான் நமக்குக் கேக்குமாம். இவ்வளவு நுணுக்கமா யார் செஞ்சதுன்னு கேக்கறாங்க."

மோதிரக்காரர்களில் ஒருவர் முன்னால் வந்தார். "லண்டன்காரங்களே வாங்கறாங்களா? அப்ப விலை ஏறியிருக்குமே?"

இந்திரா கேட்டுச் சொன்னாள். "அவங்க அப்பா வித்த விலைக்கு இப்ப அந்த வீட்டுக் கொட்டகைகூடக் கிடைக்காதாம்."

எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு முதலாளியின் கையைப் பிடித்தார்கள். இரண்டாவது வரிசை அங்கேயே, நின்ற நிலையிலேயே விற்றுத் தீர்ந்தது. முதலாளி செல்லையாவின் தோளில் கையைப் போட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கை அந்தத் தோளுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"பலே ஆளுய்யா நீ. நான் ஆளைக் கொண்டான்னேன், நீ ஊரையே கொண்டுவந்துட்டே. சொன்ன சொல் சொன்னதுதான். வீடு உனக்கு."

செல்லையா கேட்டுப் பக்கம் பார்த்து அம்சவேணிக்குத் தலையை ஆட்டினார். அவள் சிரித்துக்கொண்டே, இத்தனை நேரம் அணைத்து வைத்திருந்த அடுப்பைப் பற்றவைத்தாள், குழம்புக்கு நேரமாகியிருந்தது.

முதலாளிக்கு இப்போது எல்லாம் குறையில்லாமல் இருக்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. "இந்திராம்மா, இன்னும் எதையாவது திருத்தணுமான்னு கேளு. எதுவானாலும் இன்னைக்கே திருத்திடலாம்."

வெள்ளைக்கார அம்மா எழுந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தது. தயங்கித் தயங்கி, புகை கிளம்பிய கேட்டு வீட்டுப் பக்கம் விரலை நீட்டி ஏதோ சொன்னது. இந்திரா ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்:

"எல்லாம் சரியா இருக்காம் ஐயா, அந்த ஒரு வீட்டுலதான் ஆள் குடியிருக்கறாப்பல இருக்காம்."