மாப்பிள்ளைக்கு ஒரு லோடு வண்டல்

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை பூபதி அவர்களுக்கு, மைத்துனன் அர்த்தனாரி கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி கண்ணாயியும் மிளகுக் கொடிகளும் சௌக்கியம். அங்கு தாங்களும், என் தங்கை கவிதாவும், பேளுக்குறிச்சி வாழைத்தோட்டமும் சுகமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

தங்கள் வாழைக்குத் தருவதாக நான் வாக்குக் கொடுத்த சேற்றுப் பள்ளத்து வண்டல் வராது. கோபம் வேண்டாம். நடந்தது இதுதான்: வேளாண்மை ஆபீசிலிருந்து ஜாஸ்மின் மேடம் வந்து, சேற்றைச் சோதிக்க வேண்டுமென்று பள்ளத்தில் நீளக் குழாய் ஒன்றைச் செருகினார்கள், செருகியது வெளியே வரவில்லை, பாவம் சிரமப்படுகிறார்களே என்று நான் இறங்கிப் பிடித்து இழுத்தேன், குழாய் வெளியே வந்தது, நான் இடுப்பளவு உள்ளே போனேன், மேடம் குழாயைப் பத்திரமாக ஜீப்பில் வைத்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், கரையில் நின்ற கண்ணாயியோ, "ஏனுங்க, அப்படியே நில்லுங்க, கயிறு எடுத்தாரேன்" என்கிறாள், நான் எங்கே போய்விடப் போகிறேன்?

போன வாரம் மேடம் வீடு தேடி வந்து முடிவைச் சொன்னார்கள். "மேட்டுத் தோட்டங்கள்ல வருசக்கணக்கா அடிச்ச பூச்சிமருந்து, மழையில வந்து அடிச்சேத்துல தங்கியிருக்குங்க. இப்பக் கடையிலயே விக்காத மருந்துகூட இருக்கு."

"நாங்க நிறுத்திப் பல வருசமாச்சுங்களே!" என்றேன்.

"நீங்க நிறுத்திட்டீங்க, அது போகலீங்களே. கிளறாம விட்டா மேல புதுச்சேறு மூடிக்கும். கிளறுனா தண்ணியில கலந்து, நண்டு மீனுன்னு ஏறிடும்."

கண்ணாயி பெருமூச்சு விட்டாள். "எங்க மாமியா மனசு மாதிரிதானுங்க." நான் கோபப்பட்டிருக்க வேண்டும், சிரித்துவிட்டேன்.

மாப்பிள்ளை, அந்த நஞ்சைக் கொண்டுவந்து என் தங்கச்சி தோட்டத்தில் கொட்ட எனக்கு மனம் வருமா? வாக்குத் தவறியவன் என்று ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். வண்டலுக்குப் பதிலாக மிளகும் இரண்டு பலாப்பழமும் கொண்டு வாரேன்.

குலை தள்ளிய வாழைபோலத் தங்கள் வீடு நிறைந்திருக்க வாழ்த்தி,
அர்த்தனாரி

பி.கு.: சொன்ன வேலையை ஒருநாளும் செய்யாத லாரிக்கார ராசுவிடம் போன மாசமே வண்டல் அள்ளச் சொல்லியிருந்தேன், வேண்டாமென்று சொல்ல மறந்துவிட்டேன். இப்போது அவன் போன் செய்கிறான்: "அண்ணா, லோடைக் கொட்டிட்டேனுங்க. மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோசம், மம்பட்டியோட நிக்கிறாரு." தாங்களோ போனை எடுக்கவில்லை. மம்பட்டியைக் கீழே வையுங்கள். இக்கடிதத்தைத் தபாலில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வாரேன்.