டிவி துரையும் தண்ணீர் பாட்டிலும்

தண்ணீர் பாட்டிலைத் தண்ணீர் குடிக்கப் பயன்படுத்தாத ஒரே மனிதரை உலகமே ஒரு தடவை பார்த்திருக்கிறது. அவர்தான் எங்கள் டிவி துரை.

வெள்ளைக்காரர். சொந்த நாட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய நகைச்சுவைக்காரர். நிகழ்ச்சியை நிறுத்தினார்களா, தன்னை நிறுத்தினார்களா என்பது தனக்கே தெரியாது என்பார். துபாய் ஹோட்டல்களில் மேடை தேடி வந்து, வாடகைக்குப் பயந்து அஜ்மானில் எனக்குப் பக்கத்து ஃபிளாட்டில் குடியேறினார். கார் ஓட்டத் தெரியாது. தினமும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் தொற்றிக்கொள்வார்.

ஏறியதும் காலி பாட்டிலை மைக்காக நீட்டிப் பேட்டி எடுப்பார். சட்டம் ஒன்றே: பாட்டில் பிடித்தவர் கேட்கலாம், எதிரில் இருப்பவர் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அக்கவுன்டன்ட் மாமா, மனைவிக்குத் தெரியாமல் மீசைக்கு மை அடிப்பதை இப்படித்தான் ஒப்புக்கொண்டார்.

துரையின் விசா முடியும் நேரம். எங்கள் தொழிலாளர்கள் தங்கும் லேபர் கேம்ப் விழாவில் அவர் நிகழ்ச்சி எடுபட்டால் கம்பெனியின் எல்லா கேம்ப்புக்கும் அவர்தான். இல்லாவிட்டால் ஊருக்கு விமானம். "நான் பொறுப்பு சார்" என்று மேனேஜரிடம் வாயை விட்டவன் நான். மொழிபெயர்ப்பும் நானே.

விழா மேடையில், தன் ஊரில் மழை நிற்கவே நிற்காது என்று முதல் ஜோக்கை அவிழ்த்தார். தமிழில் சொன்னேன். எதிரே ஒருவர் ஏக்கமாகப் பெருமூச்சு விட்டார். அடுத்தடுத்த ஜோக்குக்கும் யாரும் சிரிக்கவில்லை. நான் மனசுக்குள் திருச்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

"ஏன் சிரிக்கவில்லை?" என்று துரை காதைக் கடித்தார். முன்வரிசை சோபாவைக் காட்டினேன். மேனேஜர் சிரிக்காமல் இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

துரையின் கண் மின்னியது. சோபாவை மேனேஜரோடு சேர்த்து மேடைக்குத் தூக்கி வரச் சொன்னார். கூட்டத்தைப் பார்க்க உட்காரவைத்து, பாட்டில் சட்டத்தை அறிவிக்கும்படி என்னிடம் சொல்லி, பாட்டிலைக் கூட்டத்துக்குள் வீசினார். பிடித்தவர் அரியலூர்க் கொத்தனார் செல்வராசு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார், ரூம்ல ஏசி ஓடலன்னா எப்பவும் புக்ரா, நாளைக்குங்கிறீங்க. அந்த நாளைக்கு என்ன கெழமைல வருது சார்?"

ஆங்கிலத்தைத் தவிர வேறெதிலும் அதட்டாத மேனேஜர், கோயம்புத்தூர்க்காரர், பாட்டிலையே பார்த்தார்.

"வெள்ளிக்கெழமைங்க."

கொத்தனாருக்குப் போட்ட அந்த 'ங்க' அவர் காதிலேயே விழுந்துவிட்டது. முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு கேம்ப்பே சிரித்தது; அதன் தகரக் கூரை தன் வாழ்நாளில் தாங்கிய பெரிய சுமை அந்தச் சிரிப்புதான். துரையைத் தோளில் தூக்கிக்கொண்டு மெஸ்ஸைச் சுற்றி வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஏசி ஓடியது. துரைக்கு விசா புதுப்பித்தார்கள். கேம்ப் கேம்ப்பாக முதலில் சோபாவைத்தான் மேடையேற்றினார். அந்தப் புகழோடு சில ஆண்டுகளில் ஊருக்குத் திரும்பி மறுபடி டிவியில் ஏறினார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போதும் பாட்டிலை வாயருகே கொண்டுபோனால் குடிக்காமல் ஒரு நொடி நிற்கிறேன். "சாப்பிட்டீங்களா துரை?" என்று அதை நீட்டிக் கேட்கத் தோன்றுகிறது.