ஏசி ரூம் ஆக்சலாட்டல்

கரண்ட் போய் ஏசி நின்ற கொஞ்ச நேரத்திலேயே அது புழுவைத் துப்பிவிட்டது.

கடைப்பையன் சாய்குமார் இன்னொரு புழுவை நீட்டினான். அதையும் துப்பியது. கண்ணாடித் தொட்டியில் கிடந்த ஆக்சலாட்டல், செருப்புக்கடை முதலாளி ஜலால் பாயின் மகள் சமீனாவுடைய செல்லம். மீனுமில்லை, பல்லியுமில்லை, நாலு கால், தலையைச் சுற்றி இறகு மாதிரி செவுள். தண்ணீர் சில்லென்று இருந்தால்தான் பிழைக்கும். அவனியாபுரத்து மே மாத வெயிலில் சில்லுக்கு எங்கே போவது?

"நாங்க ஏர்வாடி போயிட்டு வர்ற வரைக்கும் பாத்துக்க தம்பி. வந்து ஒன் வேலைய நிரந்தரமாக்குறதப் பத்திப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் பாய். நிரந்தரமாகிவிட்டது என்றே பரமக்குடியில் இருக்கும் அம்மாவிடம் சாய்குமார் சொல்லிவிட்டான்.

மீன்காரரிடம் ஐஸ் வாங்கிப் போட்டான். தண்ணீர் கலங்கி அயிலை வாடை அடித்தது. அது மல்லாந்தது.

அள்ளிப் புது மண்பானைக்கு மாற்றி, வாசல் வேப்பமரத்தடியில் வைத்தான். மூடத் தட்டு எடுத்து வருவதற்குள், ஷேர் ஆட்டோ சுடலை ஒரு செம்பு குடித்துவிட்டு அடுத்த செம்பு மோந்திருந்தார்.

"ஆத்தாடி! தண்ணிக்குள்ள கை இருக்குடா!"

செம்பு பறந்தது. ஆக்சலாட்டல் புழுதியில் விழுந்தது.

"பாத்து மோக்கக் கூடாதாண்ணே?"

"வாசல்ல பானைய வச்சா தண்ணிப்பந்தல்னு நினைக்காம வேற என்னத்த நினைப்பாக? ஒரு செம்பு குடிச்சுட்டேன்டா!"

"அய்யய்யோ, ஒண்ணும் ஆகாதுல்லண்ணே, அதுக்கு?"

"எனக்கு என்னாகும்னு கேளுடா!"

கேட்க நேரமில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எதிர்ப் பால்கடைக்கு ஓடினான். அங்கே ஜெனரேட்டர் ஓடியது.

"ஜெயபாண்டிண்ணே, ஃப்ரிட்ஜுல ஓரமா எடம் குடுங்க."

"பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துல பல்லியா? ஓடிரு!"

காலைப் பிடித்தான். டப்பாத் தண்ணீரில் அதை உள்ளே வைத்தார்கள். பார்த்தவர்கள் பால் வாங்காமலே போனார்கள். ஜெயபாண்டி திட்டிக்கொண்டே இருந்தார். பொழுது சாயும் நேரத்தில் சாய்குமார் ஒரு புழுவை நீட்டினான். லபக்கென்று விழுங்கியது.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போன் போட்டான்.

"பாய், சாகக் கெடந்துச்சு, காப்பாத்திட்டேன் பாய்!"



"பொழச்சிருச்சா? சரி, வாரேன்." போன் கட்டானது.

"சந்தோசத்துல பாய்க்குப் பேச்சே வரலக்கா" என்றான், பால் வாங்க வந்த தங்கப்பொண்ணுவிடம். பாய் வீட்டில் வேலை செய்பவள் அவள்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி, அந்த ஜந்துவுக்கு ஏசி ரூமக் குடுத்துட்டு மனுசன் ரெண்டு கோடையா மொட்டமாடியில கொசுக்கடியில கெடக்காரு, புள்ள ஊர்ல இல்லாதப்ப அது போய்ச் சேரட்டும்னுதானே, கடையில அம்புட்டுப் பேரு இருக்கையில, தொட்டது தொலங்காத ஒன்னையத் தேடிப் புடிச்சு விட்டுட்டுப் போனாரு!"